ஜூலையில் வைத்த மழைப்பாட்டு

இலஞ்சி
12 மே 2024

அன்புள்ள மதினிக்கு,

சுந்தரி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும், கோழி கிளறியது மாதிரி என்று நீங்கள்தானே சொல்வீர்கள். உங்களுக்கும் மாமாவுக்கும் உடம்புக்கு எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து இவளுக்கு என்ன திடீரென்று என்று நினைப்பீர்கள். அட்மிஷன் வேலைக்காக நேற்றுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். நோட்டுப் புத்தகம் போடுகிற முஃபீத் அண்ணாச்சி வந்தார். "ராயகிரியில நம்ம உமா டீச்சரைப் பாத்தேன்மா. அங்கன ஒரு பள்ளிக்கூடத்துல சேர்ந்திருக்காவ. ஒம்பதாங் கிளாஸுக்கு இங்கிலீஷாம்" என்றார். எனக்குக் கை வேலையே ஓடவில்லை.

நீங்கள் அண்ணன் வீட்டை விட்டுப் போன அந்தச் சித்திரையில் அம்மா தட்டில் சூடம் கொளுத்தி, "இனிமே அவகூட ஒத்த வார்த்தை பேச மாட்டேன்னு அடிச்சு சத்தியம் பண்ணுட்டி, என் உசுருமேல" என்றாள். அடித்தேன். ஆனால் பேச மாட்டேன் என்றுதான் சத்தியம். எழுத மாட்டேன் என்று யாரும் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. இது எனக்கு உறைக்க இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. வாட்ஸ்ஆப்பும் எழுத்துதானே என்று கேட்காதீர்கள். என் போன் எப்போதும் சாப்பாட்டு மேஜையில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்ப்பார்கள். அதனால் பதிலைப் பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடுங்கள்.

அந்த மேஜையில்தானே ஒவ்வொரு மே மாதமும் உட்கார்ந்து வருடத் திட்டம் போடுவோம்? பாடப் புத்தகம் போக, வாரம் ஒரு பீரியட் இலக்கியத்துக்கு வேண்டும் என்று எச்.எம்.மிடம் சண்டை போட்டு வாங்கினோம். கதை உங்கள் பங்கு, கவிதை என் பங்கு. நீங்கள் போன பிறகு பழைய திட்டத்தையே தூசி தட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த வருடம் சேர்ந்து போடுவோமா மதினி? ஒரே திட்டம், இரண்டு பள்ளிக்கூடம்.

பதிலை எதிர்பார்க்கும்,
சுந்தரி


ராயகிரி
27 மே 2024

அன்புள்ள சுந்தரி,

உன் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, சொன்னால் கேட்பதில்லை. உன் தலைவலி எப்படி இருக்கிறது? கண்ணாடி மாற்றினாயா?

நீ என்னை மதினி என்று எழுதாதே. இன்னும் கொஞ்ச நாளில் அந்த உறவு கோர்ட்டில் முடிந்துவிடும். உன் அண்ணன் போட்ட விவாகரத்து மனு போன வாரம் வந்தது. "மனைவி தாமாகவே வீட்டை விட்டு வெளியேறிவிட்டார்" என்று இருக்கிறது. சித்திரை விசு அன்று காலையில் என் பெட்டியைப் பின்வாசலில் வைத்து, என்னையும் வெளியே விட்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டது யார் என்று அவருக்கும் எனக்கும்தான் தெரியும். அத்தையும் நீயும் தீர்த்தவாரி பார்க்கக் குற்றாலம் போயிருந்தீர்கள். நீ மட்டும் அன்று வீட்டில் இருந்திருந்தால் ஓடி வந்து கதவைத் திறந்திருப்பாய். இதை எத்தனையோ நாள் நினைத்துக்கொண்டது உண்டு.

எனக்கு அந்த வீடு வேண்டாம், அவரும் வேண்டாம். அந்த ஒரு வரி மட்டும் பொய் என்று ஆகிவிட்டால் போதும். இங்கே ஒரு சடங்கு வீட்டுக்குப் போனால்கூட, "தானா பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டாளாம்லா" என்று காதுபடச் சொல்லுகிறார்கள். அப்பா இப்போது எந்த விசேஷத்துக்கும் போவதில்லை.

போகட்டும். திட்டத்துக்கு வருவோம். கதைகளுக்கு மாதவாரியாகக் கட்டம் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஜூனில் ஒரு சின்னக் கதை, செப்டம்பரில் பட்டம் விடும் பையன் கதை, நவம்பருக்கு யோசிக்க வேண்டும். கவிதைக் கட்டங்களை நீ நிரப்பு. இவ்வளவு நாள் கழித்துக் கட்டம் போட அடிமட்டத்தைக் கையில் எடுத்தபோது மனதுக்கு நன்றாக இருந்தது, சுந்தரி. இங்கே பேச ஆளில்லை.

அன்புடன்,
உமா


இலஞ்சி
16 ஜூன் 2024

அன்புள்ள மதினிக்கு,

மதினிதான். கோர்ட் சொல்லும்போது சொல்லட்டும், அதற்கு முன்னால் நீங்கள் தீர்ப்பு எழுதாதீர்கள். மாமா சுகமா? வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்துப் பாருங்கள். எனக்கு ஒன்றுமில்லை, கண்ணாடிதான் இன்னும் மாற்றவில்லை.

இங்கே சாரல் பிடித்துவிட்டது. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். வழக்கம்போல வெளியூர் வண்டிகளால் பள்ளிக்கூட பஸ் தினமும் அரை மணி நேரம் லேட். வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் ஈரத் தலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அருவியில் குளித்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டால், "மழைல நனைஞ்சுட்டோம் மிஸ்" என்று சாதிக்கிறார்கள். எண்ணெய் வாசமே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

கவிதைகளை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஜூலை இரண்டாவது வாரத்துக்கு நம் மழைப்பாட்டு. ஜன்னலைத் திறந்து வைத்து நடத்துவோமே, அதே மாதிரி நடத்துங்கள்.

மனு விஷயம் படித்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மறவாத,
சுந்தரி


ராயகிரி
21 ஜூலை 2024

அன்புள்ள சுந்தரி,

நலம். அப்பா உன் வெந்தயத்தை வாயில் போட்டுவிட்டு, "இலஞ்சிக்காரிய வாயும் இப்படித்தான் கசக்கும்" என்றார். அவர் சிரித்து ரொம்ப நாளாயிற்று. அங்கே நீ எப்படி இருக்கிறாய்?

உன் மழைப்பாட்டால் எனக்கு நடந்ததைக் கேள். திட்டத்தில் ஜூலை இரண்டாவது வாரம் என்று இருந்தது. நானும் ஒன்றும் யோசிக்காமல் அந்த வாரம் வகுப்பு ஜன்னல்களை எல்லாம் திறக்கச் சொல்லிவிட்டு, "லிசன் டு தி ரெய்ன்" என்று ஆரம்பித்தேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அனல் காற்று உள்ளே வந்து நோட்டுத் தாள்கள் படபடக்கின்றன. பிள்ளைகள் என்னையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். கடைசி பெஞ்சிலிருந்து பாண்டி என்று ஒருவன் எழுந்து, "மிஸ், இங்கன ஐப்பசிலதான் மழை. இப்பம் எதுக்கு மிஸ் கேக்கச் சொல்லுதிய?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து உட்கார்ந்தபோது அழுகை வந்துவிட்டது. நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. இங்கே எப்போது மழை பெய்யும் என்று எனக்குத் தெரியாதா? எட்டு வருடம் அந்த மேஜையில் உட்கார்ந்து போட்ட திட்டம் கையிலேயே நின்றுவிட்டது. அங்கே பெய்கிற மழைக்கு நான் இங்கே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

செப்டம்பருக்குப் பட்டக் கதையை எடுத்துவிட்டு வேறொரு கதை வைத்திருக்கிறேன். ரயில்வே கேட் கதை. பிரதி இத்துடன் இருக்கிறது. நடத்திவிட்டு உன் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எழுது.

அன்புடன்,
உமா


இலஞ்சி
7 செப்டம்பர் 2024

மதினிக்கு,

எல்லாரும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கதையை நடத்தினேன். கேட்டைத் திறந்து போட்டுப் போனது ஸ்டேஷன் மாஸ்டரின் மகன். அதை கேட் கீப்பர் கண்ணால் பார்த்தான். பழி கூட்டிப் பெருக்குகிற பெண்மேல் விழுந்தது. விசாரணையில் அவனைக் கேட்டபோது, "நான் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்" என்றான். அவள் வேலை போயிற்று. கதை முடிந்தது. முன் பெஞ்சில் நிவேதா என்று ஒருத்தி. விடவே மாட்டேன் என்கிறாள். "அவன் பாத்தாம்லா மிஸ்? பொறவு ஏன் சொல்ல மாட்டேங்கான்? அவனுக்கு ராத்திரி தூக்கம் வருமா மிஸ்?" மணி அடித்தது, தப்பித்தேன்.

உங்களை ஒன்று கேட்க வேண்டும். சொல்ல வேண்டியதை நேராகவே சொல்லியிருக்கலாமே. அதற்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் ஒரு கதையும் எதற்கு? பட்டக் கதை நன்றாகத்தானே இருந்தது? முப்பத்தெட்டு வயதில் அண்ணன் வீட்டில் சோறு தின்கிறவளுக்கு என்ன வாய் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? மாடி ஜன்னலில் நின்றவள் எல்லாம் கீழே இறங்கி வந்தே ஆக வேண்டுமா? நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

இந்தத் திட்டத்தை நான்தான் ஆரம்பித்தேன். என்னை இப்படி வகுப்பில் நிறுத்திக் கேள்வி கேட்க இல்லை.

சுந்தரி


ராயகிரி
13 செப்டம்பர் 2024

சுந்தரிக்கு,

நலம்.

காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால் இரண்டு பீரியட்தான் இருந்தது. பட்டக் கதை பன்னிரண்டு பக்கம், கேட் கதை நாலு பக்கம். அதனால் மாற்றினேன். வேறு ஒரு காரணமும் கிடையாது.

நீ அன்று குற்றாலத்தில் இருந்தாய் என்றுதான் இந்த நிமிடம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் கூடிப் பேசிய அன்று நீயே அப்படித்தான் சொன்னாய். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக, இப்போது நான் கேட்காமலே நீயாகச் சொல்லிவிட்டாய்.

மாடி ஜன்னலிலிருந்து பின்வாசல் முழுதும் தெரியும். நான் எவ்வளவு நேரம் தட்டினேன் என்று உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஏ. உமா மகேஸ்வரி
ஆங்கில ஆசிரியை


இலஞ்சி
2 அக்டோபர் 2024

அன்புள்ள மதினிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. மாமா நலமா?

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான். உங்கள் கடிதத்தைப் படித்துப் பதினைந்து நாளாகிறது. இன்று பள்ளிக்கூடம் லீவு. அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள், அண்ணன் வயலுக்குப் போயிருக்கிறான். அந்த மாடி அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

விசு அன்று குற்றாலத்துக்குக் கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் தலைவலி தாங்கவில்லை, அம்மாவை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, முன்வாசல் வழியாக மேலே போய்ப் படுத்துவிட்டேன். நீங்களும் அண்ணனும் பின்கட்டில் இருந்தீர்கள், நான் வந்ததைப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு எழுந்தேன். பெட்டியை வைத்ததைப் பார்த்தேன். உங்களைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளியதைப் பார்த்தேன். நீங்கள் இருபது நிமிடம் தட்டினீர்கள். "சுந்தரி" என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் இறங்கி வந்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டு வருடத்தை ஓட்டினேன். அதுவும் பொய்யாக இருக்கலாம். பயந்துவிட்டேன் மதினி. நாளைக்கு என் பெட்டியும் அங்கேதான் இருக்கும் என்று பயந்தேன்.

பெரியவர்கள் வந்த அன்று வேல்ராஜ் சித்தப்பா என்னைப் பார்த்து, "நீ அன்னைக்கு எங்கன இருந்தேட்டி?" என்றார். குற்றாலம் கோயிலில் என்றேன். அம்மாவுக்கு மட்டும் நான் பாதியில் திரும்பியது தெரியும். சூடம் கொளுத்தியது அதற்காகத்தான். உங்களோடு பேசினால் என்றைக்காவது உளறிவிடுவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

என்னை மன்னிக்க வேண்டாம். உங்கள் வக்கீலிடம் என் பெயரைக் கொடுங்கள். கூண்டில் ஏறிச் சொல்கிறேன்.

சுந்தரி


இலஞ்சி
17 நவம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

நீங்களும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும்.

ஆறு வாரமாகிறது. தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு ஆபீஸ் பக்கம் போய் நிற்கிறேன். குற்றாலீஸ்வரன் சார் பார்த்துவிட்டு, "யாருட்ட இருந்து டீச்சர் லெட்டரு? ஏதும் விசேஷமா?" என்று கேலி செய்கிறார். சிரித்து வைக்கிறேன்.

ஐப்பசி முடிந்துவிட்டது. அங்கே மழை பெய்ததா? மழைப்பாட்டை மறுபடி நடத்தினீர்களா? பாண்டி ஜன்னலைத் திறந்தானா?

நம் திட்டத்தில் நவம்பர் கதைக் கட்டம் காலியாக இருக்கிறது. நான் வேறு எதையும் எழுதி நிரப்பவில்லை. அந்தப் பீரியடில் பிள்ளைகளைப் பிடித்த புத்தகத்தை எடுத்து வாசியுங்கள் என்று விட்டுவிட்டு, நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

சுந்தரி


இலஞ்சி
22 ஜனவரி 2025

அன்புள்ள மதினிக்கு,

பொங்கல் நல்லபடியாகப் போயிற்றா? மாமாவின் சர்க்கரை குறைந்திருக்கிறதா?

உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. பள்ளிக்கூட விலாசத்துக்கே வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிப்ரவரி 18, காலை பத்தரை மணி. என் பெயரும் அப்பா பெயரும் ஒரு பிழை இல்லாமல் டைப் அடித்திருக்கிறது. அதை நீங்கள்தான் எழுதிக் கொடுத்திருப்பீர்கள்.

இதுதான் பதில் என்று எடுத்துக்கொள்கிறேன். வந்துவிடுவேன்.

சுந்தரி


இலஞ்சி
9 மார்ச் 2025

அன்புள்ள மதினிக்கு,

சுகம்தானே? அன்று கோர்ட்டில் பார்த்தபோது மெலிந்து தெரிந்தீர்கள். நரை கூடியிருக்கிறது. எனக்கும்தான்.

கூண்டில் நின்று என்ன சொன்னேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அண்ணன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன். பதினொன்று இருபதுக்கு ஆரம்பித்து பதினொன்று நாற்பதுக்கு முடிந்தது. நீங்கள் தட்டிய அதே இருபது நிமிடம். வெளியே வராந்தாவுக்கு வந்தபோது தொண்டை வறண்டு இருமல் வந்தது. நீங்கள் பக்கத்தில் வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினீர்கள். குடித்துவிட்டுக் கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அம்மா உயிர்மேல் அடித்தது மதினி. எழுபது வயது தாண்டியவள், நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது.

வீட்டில் இப்போது யாரும் என்னோடு பேசுவதில்லை. அவர்கள் சூடம் அடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். என் தட்டில் சோறு இருக்கிறது, பெட்டியும் மாடியில்தான் இருக்கிறது. நான் இத்தனை நாள் பயந்தது நடக்கவில்லை. அதைவிடச் சத்தமில்லாமல் இருக்கிறது வீடு. சாப்பாட்டு மேஜையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறேன். வகுப்பில் பேசுவதுதான் பேச்சு. அது ஐந்து மணியோடு முடிந்துவிடுகிறது.

வழக்கு முடிந்ததும் உங்களை நான் என்ன என்று கூப்பிடுவது? உமா என்று கூப்பிட எனக்கு நாக்கு வராது. டீச்சர் என்று எழுதினால் யாருக்கோ எழுதுகிற மாதிரி இருக்கும். இதற்கு மட்டுமாவது பதில் போடுங்கள்.

சுந்தரி


ராயகிரி
18 மே 2025

அன்புள்ள சுந்தரி,

நான் நலம். அப்பாவும் நலம். உன் தலைவலிக்கு முதலில் கண்ணாடியை மாற்று. கோர்ட்டில் கடிகாரத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்ததை நானும் பார்த்தேன்.

உன் அண்ணன் மனுவை வாபஸ் வாங்கிவிட்டார். இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதாக வேறு மனு போட்டிருக்கிறோம், ஆறு மாதம் ஆகுமாம். தானாக வெளியேறினார் என்ற வரி அதில் இல்லை. நீ சொன்ன சாட்சியத்தின் நகலை அப்பா மூன்று தடவை வாசித்தார். மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அய்யாக்குட்டி மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார். "எம் மகளை வெளிய தள்ளிக் கதவ அடைச்சாம்வே. அவன் கூடப்பெறந்தவளே கோர்ட்டுல சொல்லிட்டா" என்று பந்தியிலேயே சொன்னாராம்.

உனக்குப் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால்தான். இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கதவைத் திறக்காமல் ஜன்னலில் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை, மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். ஆனால் கோபத்தில் இருந்த மாதங்களில்தான், கோபப்படக்கூட எனக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை என்று தெரிந்தது. ஐப்பசியில் இங்கே மழை கொட்டியது. பாண்டி எழுந்து தானாகவே ஜன்னலைத் திறந்துவிட்டு, "இப்பம் நடத்துங்க மிஸ்" என்றான். நடத்தினேன். நடத்தி முடித்ததும் உனக்கு எழுதத் தாளை எடுத்தேன், எழுதவில்லை.

வரும் வருடத்துக்குத் திட்டம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை இரண்டு பத்தியாகக் கோடு போட்டிருக்கிறேன், இலஞ்சி ஒரு பக்கம், ராயகிரி ஒரு பக்கம். மழைப்பாட்டு உனக்கு ஜூலையில், எனக்கு அக்டோபரில். கதைக் கட்டங்களை நிரப்பிவிட்டேன். கேட் கதையை எடுக்கவில்லை. அது நல்ல கதை, உன் நிவேதா கேட்ட கேள்விக்கு இப்போது உன்னால் பதில் சொல்ல முடியும். கவிதைக் கட்டங்கள் காலியாக இருக்கின்றன, சீக்கிரம் நிரப்பி அனுப்பு.

அத்தைக்கு நூறு வயதாகட்டும். சத்தியத்தை நீ மீற வேண்டாம். பேசாதே. எழுது.

என்றும்,
உன் மதினி